சர்வர் புதிது, ஹாஷ் பழையது

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் அலுவலக மூலையில், யுபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். எந்த விவசாயி எந்தத் தேதியில் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை போட்டார், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், முன்பணம் எவ்வளவு, எந்த வங்கிக் கணக்குக்கு எவ்வளவு போனது, எல்லாம் அதில்தான். இத்தகைய சர்வர்களில் ஓடிய லினக்ஸ் இயங்குதளமான சென்டோஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. இதுபோன்ற சிறிய சர்வர்களை உபுண்டுவுக்கோ டெபியனுக்கோ அல்மாலினக்ஸுக்கோ மாற்றவேண்டிய கட்டாயம் அப்போது வந்தது. மாற்றம் நல்லதுதான். ஆனால் மாற்றும்போது பயனர் கணக்குகளை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும், பழைய சர்வரில் பாஸ்வேர்டு விவரங்கள் இருக்கும் ஷேடோ கோப்பிலிருந்த வரிகளை அப்படியே நகலெடுத்துப் புதியதில் ஒட்டுவதுதான் நடக்கும். எல்லாருடைய பழைய பாஸ்வேர்டும் வேலை செய்யும், யாரும் போன் செய்து தொந்தரவு பண்ணமாட்டார்கள்.

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. ஒரு பாஸ்வேர்டு எவ்வளவு பலமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது இன்றைக்கு ஓடும் இயங்குதளத்தைப் பொறுத்ததல்ல. அந்தப் பாஸ்வேர்டு கடைசியாக மாற்றப்பட்ட நாளில் இருந்த முறையைப் பொறுத்தது. சர்வர் 2024-ஐச் சேர்ந்ததாக இருக்கலாம், அதற்குள் இருக்கும் ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் ஹாஷ் (பாஸ்வேர்டைச் சேமித்துவைத்திருக்கும் வடிவம்) 2010-ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். இயங்குதளத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்த வரி தானாக மாறாது.

ஏன் மாறாது? இயங்குதளத்திடம் பாஸ்வேர்டு கிடையாது. அதிலிருந்து ஒருவழிக் கணக்கில் பிழிந்தெடுத்த ஹாஷ் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே நுழையும்போது நீங்கள் தட்டியதை அதே கணக்கில் போட்டு, வரும் விடையும் கோப்பில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்கிறது. ஹாஷிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாததால், பழைய முறை ஹாஷைப் புதிய முறைக்கு மாற்றவும் வழியில்லை. மாற்றவேண்டுமானால் உரியவர் மறுபடி ஒரு பாஸ்வேர்டைத் தட்டவேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது ஏறக்குறைய அரை நூற்றாண்டு. அதற்கு முன்பு பாஸ்வேர்டுகளை அப்படியே எழுதிவைத்தார்கள். 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய சிடிஎஸ்எஸ் என்ற கணினி அமைப்பில், ஒரு அட்மின் பாஸ்வேர்டு கோப்பையும் இன்னொருவர் அன்றைய அறிவிப்புக் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். மென்பொருள் பிழையால் இரண்டு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னாலும் எல்லாருடைய பாஸ்வேர்டும் அறிவிப்பாக அச்சாகி வந்தது. ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல் எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவம் இருக்கிறது. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் பாஸ்வேர்டை ஹாஷாக வைப்பதையும், ஒவ்வொருவருக்கும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்துக் கணக்கிடும் சால்ட் முறையையும் விளக்கிய கட்டுரை அது. அவர்கள் திரட்டிய 3,289 பாஸ்வேர்டுகளில் 2,831 எளிதில் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. அதாவது 86 சதவீதம்.

அன்றைய யூனிக்ஸில் ஹாஷ்கள் இருந்த கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திருப்ப முடியாது என்பதால் படித்தால் என்ன என்று நினைத்தார்கள். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய புழு (தானாகப் பரவும் நிரல்), அந்தக் கோப்பைப் படித்து, பயனர் பெயர்களையும் தன்னோடு கொண்டுவந்த 432 சொற்களையும் ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்த்தது. எழுதியவர் அதே ராபர்ட் மாரிஸின் மகன். ஹாஷைத் திருப்பத் தேவையில்லை, ஊகித்துப் பார்த்தால் போதும் என்பது அப்போது எல்லாருக்கும் உறைத்தது. ரூட் மட்டும் படிக்கக்கூடிய ஷேடோ கோப்புக்கு ஹாஷ்களை மாற்றும் பழக்கம் அந்தக் காலகட்டத்தில்தான் பரவியது.

சரி, ஷேடோ கோப்பை ரூட் மட்டும்தான் படிக்க முடியும் என்றால், அதைத் திருடுகிறவன் ஏற்கெனவே ரூட் ஆகிவிட்டவன்தானே, அவனுக்குப் பாஸ்வேர்டு எதற்கு? நியாயமான கேள்வி. பதிலை நம்ம ஊர் நிலைமையிலேயே பார்க்கலாம். மலையில் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனியாகக் கணினி ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. குன்னூரிலோ ஊட்டியிலோ இருக்கும் ஒருவர் பத்து இடங்களைப் பார்த்துக்கொள்வார். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரோடு போய்விடும், அதனால் பாதி வேலையைத் தொலைவிலிருந்தே செய்வார். பத்து சர்வருக்குப் பத்து பாஸ்வேர்டு நினைவில் வைப்பது கஷ்டம் என்று ஒரே ரூட் பாஸ்வேர்டை எல்லாவற்றிலும் போட்டுவைத்திருப்பார். சால்ட் இருப்பதால் பத்து சர்வரிலும் ஹாஷ் பத்து விதமாகத்தான் தெரியும். ஆனால் ஏதோ ஒன்றின் ஹாஷை உடைத்துப் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தால் மற்ற ஒன்பதும் திறந்துகொள்ளும். அலுவலகக் கணக்காளரின் பாஸ்வேர்டு அவருடைய மின்னஞ்சலுக்கும் அதுவாகவே இருக்கும். திருடனுக்கு இந்தச் சர்வர் ஒரு வாசல்தான், அவன் தேடுவது அடுத்த கதவுகளின் சாவியை.

கோப்பு வெளியே போக ரூட் ஆகவேண்டும் என்பதுகூட இல்லை. பேக்கப் எடுத்த பென்டிரைவ், பழைய விலைக்கு விற்ற ஹார்ட் டிஸ்க், கிளவுடில் ஏற்றிவைத்த முழு வட்டின் நகல், வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப் என்று வழிகள் நிறைய. ஷேடோ கோப்பின் அனுமதிகளை எவ்வளவு இறுக்கினாலும் அந்த நகல்களுக்கு அது பொருந்தாது. ஆகவே கோப்பு ஒருநாள் வெளியே போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடவேண்டும். போன பிறகு திருடனுக்கு எவ்வளவு நேரமும் பணமும் செலவாகும் என்பதைத்தான் சேமிப்பு முறை முடிவு செய்கிறது.

இதை எண்களில் பார்ப்பது அவசியம். சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டுமே கொண்ட எட்டு எழுத்துப் பாஸ்வேர்டுகள் மொத்தம் சுமார் 20,900 கோடி இருக்க முடியும். விளையாட்டுக் கணினிகளுக்காக விற்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று, பாஸ்வேர்டு உடைக்கும் ஹாஷ்கேட் மென்பொருளில், எம்டி5 என்ற பழைய, வேகமான முறையின் வெறும் ஹாஷை நொடிக்குத் தோராயமாக 16,000 கோடி முறை போட்டுப் பார்க்கும். அதாவது அந்த எட்டு எழுத்துகளும் ஒன்றரை நொடிக்குள் தீர்ந்துவிடும். யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் பவுல்-ஹென்னிங் காம்ப் 1994-ல் கொண்டுவந்த எம்டி5-கிரிப்ட், அதே எம்டி5-ஐ ஆயிரம் சுற்று சுற்றும். லினக்ஸிலும் நெடுங்காலம் இதுதான் வழக்கம், சென்டோஸ் 5 காலம் வரைக்கும். அதற்கு இதே அட்டையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இனி இதை நம்பாதீர்கள் என்று காம்பே 2012-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். உல்ரிச் டிரெப்பர் 2007-ல் கொண்டுவந்த எஸ்எச்ஏ-512 கிரிப்ட், வழக்கமான 5,000 சுற்றோடு, நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் முயற்சிகளைத்தான் அனுமதிக்கும். அதே எட்டு எழுத்துகளுக்கு இரண்டு நாள். அதே வகை இயங்குதளமான ஓபன்பிஎஸ்டிக்காக நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாசியரஸும் 1999-ல் எழுதிய பிகிரிப்ட்டை 12 என்ற செலவு அளவில் (ஒரு ஹாஷுக்கு எவ்வளவு வேலை என்ற அமைப்பு) வைத்தால் நொடிக்கு ஆயிரத்து நானூறு முயற்சிதான் முடியும். நாலு வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஒரே பாஸ்வேர்டு ஒன்றரை நொடியிலும் உடையலாம், நாலு வருஷமும் தாங்கலாம். சேமிக்கும் முறைதான் வித்தியாசம். இதற்காகத்தான் சேமிப்பு முறையைப் பற்றி இவ்வளவு பேசவேண்டியிருக்கிறது.

சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் போதாதா? ஓரளவுக்குப் போதும். ஆனால் சுற்றைக் கூட்டினால் நம் சர்வருக்கும் அதே அளவு வேலை கூடுகிறது. திருடனிடம் இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டையிலோ 16,384 சிறு செயலிகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அதற்கு மாற்றாக வந்ததுதான் நினைவகத்தைத் தின்னும் ஹாஷ் முறை. ஒரு தொழிற்சாலைக்காக எத்தனை பேர் இலை பறித்தாலும், வாடவைக்கும் தொட்டியில் எவ்வளவு இடமோ அவ்வளவு இலைதான் அன்றைக்கு உள்ளே போகும், இல்லையா? ஒவ்வொரு ஊகத்துக்கும் பெரிய நினைவக இடம் வேண்டும் என்று வைத்துவிட்டால் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் அதே கதிதான். கோலின் பெர்சிவல் 2009-ல் எஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தார். 2013-லிருந்து 2015 வரை நடந்த பாஸ்வேர்டு ஹாஷ் போட்டியில் ஆர்கான்2 வென்றது. லினக்ஸ் வகைகள் பலவற்றின் பயனர் கணக்குகளுக்கு நிலைத்தது சோலார் டிசைனர் உருவாக்கிய யெஸ்கிரிப்ட். வழக்கமான அமைப்பில் அது ஒரு ஹாஷுக்கு 16 மெகாபைட் நினைவகம் எடுத்துக்கொள்கிறது. 24 ஜிகாபைட் நினைவகம் உள்ள அட்டையில் ஒரே நேரத்தில் சுமார் 1,500 கணக்குகளுக்குத்தான் இடம் இருக்கும். மீதிச் செயலிகள் இருந்தும் பயனில்லை.

டெபியன் 11-லும் ஃபெடோரா 35-லும் 2021-லேயே யெஸ்கிரிப்ட் வழக்கமாகிவிட்டது. உபுண்டுவில் 22.04 முதல். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ம் அதை ஒட்டிய அல்மா, ராக்கி ஆகியவையும் எஸ்எச்ஏ-512 முறையிலேயே நிற்கின்றன. அங்கே சுற்றுகளை 5,000-லிருந்து ஒரு லட்சத்துக்கு ஏற்றினால் திருடனின் வேலை இருபது மடங்காகும். நுழைகிறவருக்குக் கூடுவது ஒரு நொடிக்கும் குறைவான காத்திருப்பு. ஏற்றாமல் விட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் சர்வர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ரூட்டாக ஷேடோ கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் முதல் முக்காற்புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளைப் பாருங்கள். $1$ என்று தொடங்கினால் எம்டி5-கிரிப்ட். $5$ என்றால் எஸ்எச்ஏ-256, $6$ என்றால் எஸ்எச்ஏ-512. இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே ஆங்கிலச் சிற்றெழுத்து ஒய் இருந்தால் யெஸ்கிரிப்ட். டாலர் குறியே இல்லாமல் பதின்மூன்று எழுத்து மட்டும் இருந்தால் அது மாரிஸ், தாம்ப்சன் காலத்து முறை. அதில் முதல் எட்டு எழுத்துக்கு மேல் நீங்கள் தட்டும் எதுவும் கணக்கில் சேராது.

அதற்கு அடுத்த முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனையாவது நாளில் அந்தப் பாஸ்வேர்டு கடைசியாக மாற்றப்பட்டது என்பதைச் சொல்லும் எண் அது. 15706 என்றிருந்தால் 2013 ஜனவரி 1. 20000 என்றிருந்தால் 2024 அக்டோபர் 4. அந்த எண்ணை வரிசைப்படுத்திப் பார்த்தாலே சர்வரின் முழு வரலாறும் தெரிந்துவிடும். யார் வேலைக்குச் சேர்ந்தபோது கணக்குத் தொடங்கினார்கள், எந்த அட்மின் காலத்தில் ரூட் பாஸ்வேர்டு வைக்கப்பட்டது என்று எல்லாம். நான் பார்க்கும் இடங்களில் பெரும்பாலும் மிகப் பழைய தேதி ரூட்டுக்குத்தான் இருக்கிறது. எது மிக முக்கியமோ அதைத் தொட எல்லாரும் பயப்படுகிறார்கள்.

அடுத்து அமைப்பைச் சரிசெய்வது. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. லாகின் டெஃப்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஹாஷ் முறையை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை பெரும்பாலான இடங்களில் பாம் என்ற அங்கீகார அடுக்கு வழியாகப் போகிறது. அதில் பாம் யூனிக்ஸ் வரியில் எந்த முறை எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும். டெபியன், உபுண்டு வகையில் காமன் பாஸ்வேர்டு கோப்பில் அந்த வரி இருக்கும். யாராவது அந்தக் கோப்பை முன்பு கையால் திருத்தியிருந்தால், இயங்குதளத்தை உயர்த்தும்போது புது அமைப்பு அதில் எழுதப்படாமலே போகலாம். பதிப்பு எண் 22.04, 24.04 என்று காட்டும், பாஸ்வேர்டு மாற்றினால் $6$ என்றே விழும். ரெட் ஹாட் வகையில் ஆத்செலக்ட் என்ற கருவி வழியாக மாற்றவேண்டும், கோப்பை நேரடியாகத் தொட்டால் பிறகு அழிந்துவிடும். இரண்டு இடத்தையும் ஒன்றுபோல அமைத்துவிட்டு, ஒரு சோதனைக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, ஷேடோ கோப்பில் என்ன விழுந்தது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

இவ்வளவு செய்தும் பழைய வரிகள் பழையபடியே இருக்கும். ஆகவே எல்லாரையும் ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றவைக்கவேண்டும். அடுத்த முறை நுழையும்போது கட்டாயம் மாற்றவேண்டும் என்று சேஜ் கட்டளையால் குறித்துவிடலாம். இதைச் சொன்னதும் மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றும் பழைய விதி நினைவுக்கு வரும். அதுவும் இதுவும் வேறு. காரணமில்லாமல் காலத்துக்காக மாற்றச் சொல்லவேண்டாம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே நாம் கேட்பது ஒரே ஒரு மாற்றம், ஹாஷ் புது முறையில் விழுவதற்காக.

அந்தச் சேஜ் கட்டளையை எல்லாக் கணக்குக்கும் கண்மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். இரவு பேக்கப் எடுக்கும் கணக்கு, எடை மெஷினிலிருந்து தரவைக் கொண்டுவரும் கணக்கு போன்றவற்றுக்குப் பின்னால் ஆள் கிடையாது. அவற்றில் காலாவதிக் குறி விழுந்தால் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பு வைத்துத் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சும் மறுக்கப்படும். அந்தக் கணக்குகளுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. ஹாஷ் இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறி மட்டும் வைத்துவிட்டால் பாஸ்வேர்டால் நுழைய முடியாது, சாவியால் முடியும், திருடுவதற்கு ஹாஷும் இருக்காது.

கணக்கைப் பூட்டுவதாக நினைத்துப் பலர் செய்யும் வேலையைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்டு கட்டளையின் பூட்டு வசதியைப் பயன்படுத்துகிறோம். அது செய்வதெல்லாம் பழைய ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்ப்பதுதான். பின்னால் திறந்துவிட வசதியாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஹாஷ் முழுசாக அங்கேயே கிடக்கும். போனவர் தன் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தியிருந்தால், அவர் போய்ப் பத்து வருஷமான பிறகும் அவருக்கு நாம் ஆபத்தை வைத்திருக்கிறோம். திரும்பி வராதவர்களின் ஹாஷை அழித்துவிடுவதுதான் முறை, அது அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமையும்கூட.

ஹாஷ் தங்கும் வேறு இடங்களும் உண்டு. ஷேடோ கோப்பை மாற்றும்போதெல்லாம் பெயரின் கடைசியில் சிறு கோடு போட்ட முந்தைய நகல் ஒன்று பக்கத்திலேயே உருவாகும். டெபியன் வகையில் பேக்கப்ஸ் அடைவில் இன்னொரு நகல் இருக்கலாம். பழைய பாஸ்வேர்டை மறுபடி வைக்கக்கூடாது என்ற விதியை இயக்கியிருந்தால், ஒப்பிடுவதற்காக ஓபாஸ்வேர்டு என்ற கோப்பில் பழைய ஹாஷ்கள், விதியில் சொன்ன எண்ணிக்கை வரை, வரிசையாகச் சேர்ந்திருக்கும். பாதுகாப்புக்காகப் போட்ட விதியே பழைய, பலவீனமான ஹாஷ்களின் கிடங்காகிவிடுகிறது. புது முறைக்கு மாறிய பிறகு அந்தக் கோப்பைக் காலி செய்வது நல்லது. வெளி டிஸ்கில் இருக்கும் பழைய பேக்கப்களிலும் இதே கோப்புகள் இருக்கும் என்பதால், அவற்றை மறைகுறியாக்கி வைக்கவேண்டும், தேவையில்லாதவற்றை அழிக்கவேண்டும்.

இனி பாஸ்வேர்டைப் பற்றி. எவ்வளவு மெதுவான ஹாஷும் மோசமான பாஸ்வேர்டைக் காப்பாற்றாது. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே வந்தன. அதில் தனித்தனிப் பாஸ்வேர்டுகள் சுமார் 1.4 கோடி. அந்தப் பட்டியல் முழுவதையும் ஓர் எஸ்எச்ஏ-512 ஹாஷோடு ஒப்பிட மேலே சொன்ன அட்டைக்குப் பன்னிரண்டு நொடி போதும். பிகிரிப்ட் 12 ஆனாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நம் ஊர்ப் பெயரெல்லாம் வெளிநாட்டுக்காரன் பட்டியலில் எங்கே இருக்கப்போகிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயர், ஹெத்தை அம்மன் பெயர், எஸ்டேட் பெயர், பிள்ளையின் பெயர், பின்னால் பிறந்த வருஷம், நடுவில் ஒரு அட் குறி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீலகிரியின் ஊர், தெய்வம், எஸ்டேட் பெயர்கள் ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வருஷங்கள், பத்துக் குறிகள், பெரிய எழுத்தை வைக்க நான்கு விதம். எல்லாம் பெருக்கினால் 12 லட்சம். எஸ்எச்ஏ-512 ஹாஷுக்கு இது ஒரு நொடி வேலை, பிகிரிப்ட்டுக்குக் கால் மணி நேரம். குன்னூரின் தொழிற்சாலையைக் குறிவைத்தவன் நீலகிரியின் வரைபடத்தைப் பார்க்காமலா இருப்பான்?

மாற்று வழி, தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பது. 7,776 சொல் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஐந்து சொல் எடுத்தால், அதே அட்டை எஸ்எச்ஏ-512 ஹாஷை முழுவதும் தேடி முடிக்க ஏழு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். சொற்கள் தமிழோ படுக மொழியோ ஆங்கிலமோ, அது முக்கியமில்லை. நீங்களாக யோசித்து எடுக்கக்கூடாது, பகடை எடுக்கவேண்டும். பழமொழியும் பாட்டு வரியும் தற்செயல் அல்ல. தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டு வைக்கலாமே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளைத்தான் பார்க்கும். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், 'கோ' போன்ற உயிர்மெய் இரண்டு குறி. ஆக நீளமான தமிழ்ப் பாஸ்வேர்டின் பின்பாதி கணக்கிலேயே வராமல் போகலாம். அதோடு, மின்சாரம் போய் வந்த இரவில் சர்வர் திரை முன்னால் உட்கார்ந்து தமிழ்த் தட்டச்சுக்கு எங்கே போவது?

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இதைவிடக் கடினம். அங்கே சேமிக்கப்படும் என்டி ஹாஷ் சால்ட் இல்லாத, ஒரே சுற்று எம்டி4 (எம்டி5-க்கு முந்தைய முறை). ஒரே பாஸ்வேர்டு வைத்த இரண்டு பேரின் ஹாஷ் ஒன்றுபோலவே இருக்கும், எட்டுச் சிற்றெழுத்துகள் ஒரு நொடிகூடத் தாங்காது. பல இடங்களில் அந்த ஹாஷை உடைக்காமலே காட்டி உள்ளே நுழையவும் முடியும். முறையை மாற்றும் வசதி நம்மிடம் இல்லாததால், நீளமான பாஸ்வேர்டும், ஒவ்வொரு கணினியிலும் வேறான அட்மின் பாஸ்வேர்டும், பேக்கப்பைப் பூட்டிவைப்பதும்தான் கைவசம் உள்ள வழிகள்.

இலைக் கணக்கு மென்பொருளும் லாட்ஜ் பதிவு மென்பொருளும் இயங்குதளத்தைப் பார்க்காமல் தங்கள் தரவுத்தளத்திலேயே தனியாகப் பாஸ்வேர்டு வைத்திருக்கும். அந்த அட்டவணையை ஒருமுறை திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு அப்படியே தெரிந்தாலோ, வெறும் எம்டி5 போல முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு சரம் மட்டும் இருந்தாலோ, எழுதிக்கொடுத்தவரிடம் உடனே கேட்கவேண்டும். பிஎச்பி மொழியில் பிகிரிப்ட்டை எளிதாகப் பயன்படுத்தும் வசதி 2013-லேயே வந்துவிட்டது. பயனர் நுழையும்போது பாஸ்வேர்டு கையில் இருக்கும் அந்தக் கணத்தில் பழைய ஹாஷைப் புதியதாக மாற்றிக்கொள்ளும் வசதியும் அதிலேயே உண்டு. இயங்குதளத்தில் இல்லாத நல்ல வசதி அது, பயன்படுத்தாமல் விடக்கூடாது. ஊட்டி லாட்ஜ்களில் விருந்தினர்களின் ஆதார் நகல் வரை கிடக்கிறது. தகவல் கசிந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

தொலைவிலிருந்து நுழைவதற்குப் பாஸ்வேர்டை அடியோடு நிறுத்திவிட்டுச் சாவி மட்டும் வைப்பது சிறந்தது. அப்போது ஹாஷ் உடைந்தாலும் வெளியிலிருந்து அதை வைத்து நுழைய முடியாது. ஆனால் காற்று மழையில் இணைய லைன் போய், ரோடும் அடைபட்டு, தொழிற்சாலையில் இருக்கும் ஒருவர் போனில் கேட்டுக்கேட்டுச் சர்வர் முன்னால் தட்டவேண்டிய நாள் மலையில் கட்டாயம் வரும். அதற்கு ரூட் பாஸ்வேர்டு வேண்டும். இடத்துக்கு ஒன்றாக வையுங்கள், கீபாஸ் எக்ஸ்சி போன்ற பாஸ்வேர்டு பெட்டகத்தில் சேமியுங்கள், ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு அந்தத் தொழிற்சாலையின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். போனில் சொல்லித் தட்டவைத்துவிட்டால், லைன் வந்ததும் மாற்றிவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். இலை வரத்து அதிகமுள்ள வாரமோ பட்டுவாடா நாளோ வேண்டாம். பாம் கோப்பைத் தொடும் முன் ஒரு ரூட் செஷனைத் திறந்து, எல்லாம் சரி என்று தெரியும்வரை மூடாமல் வையுங்கள். அந்தக் கோப்பில் ஒரு எழுத்து தவறினாலும் யாருமே உள்ளே நுழைய முடியாமல் போகலாம். முதலில் அமைப்பு, அடுத்து ரூட், அப்புறம் ஆட்களின் கணக்குகள், கடைசியாக ஆளில்லாத கணக்குகளும் போனவர்களின் வரிகளும். மறுநாள் காலையில் பேக்கப் கோப்பின் தேதியைப் பாருங்கள். நேற்றிரவுடையது இல்லையென்றால், ஏதோ ஓர் ஆளில்லாத கணக்கில் காலாவதிக் குறி விழுந்திருக்கிறது, ஷேடோ கோப்பில் நாள் எண் பூஜ்யமாக இருக்கும் வரியைத் தேடுங்கள்.